மையித்திடம் கேட்கப்படும் கேள்விகள்

"என்னத்துக்கு தம்பி மையித்த வெட்டுற? மௌத்தானவர் மௌத்தாகிட்டார். வெள்ளன அடக்க வேணாமா?"

ஆஸ்பத்திரிப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது. கேட்கிறவர்கள் அறியாமையால் கேட்பதில்லை. ஜனாஸாவைச் சுணக்காமல் அடக்குவது எங்கள் கடமை. உயிரோடு இருப்பவரின் உடலுக்குள்ள கண்ணியம் மையித்துக்கும் உண்டென்று நம்புகிறோம். அதற்கு மேல், இந்தக் கரையோர ஊர்களுக்கு 2020 தந்த காயம் ஒன்றும் இருக்கிறது. அந்த வருடம் மார்ச் கடைசியிலிருந்து ஏறத்தாழ பதினொரு மாதம், கொரோனாவில் இறந்தவர்களை அடக்க விடாமல் எரித்தார்கள். அடக்கினால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். அதற்கு ஆதாரம் காட்டவில்லை. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்ததையும் பொருட்படுத்தவில்லை. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நிபுணர் என்ற பெயரில் இப்படி ஒன்றை அனுபவித்த ஊர், பிரேத அறை என்ற சொல்லைக் கேட்டதும் பதறத்தான் செய்யும்.

இருந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "வெட்டாம தாங்க" என்று கெஞ்சும்போது நாங்கள் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கெஞ்ச வேண்டும். அந்த உடலிடம் சில கேள்விகள் கேட்கலாம், அதற்குப் பதிலும் வரும். ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்கக் கிடைப்பது பெரும்பாலும் ஒரேயொரு சந்தர்ப்பம்.

முதலில் நடைமுறை. எல்லா மௌத்துக்கும் உடலைத் திறப்பதில்லை. நோயில் கிடந்து வைத்தியரின் கவனிப்பில் இறந்தவருக்கு இந்தப் பேச்சே இல்லை. திடீரென்றோ விபத்திலோ சந்தேகத்துக்கு இடமாகவோ நடந்த மரணம் என்றால், திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து உடலைப் பார்ப்பார், வீட்டாரின் வாக்குமூலத்தை எடுப்பார். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவை அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. காரணம் தெளிவில்லை என்று கண்டால் பிரேத பரிசோதனைக்குக் கட்டளையிடுவார். கொலைச் சந்தேகம் என்றால் நீதவானே வருவார். பரிசோதனையைச் செய்பவர் சட்ட வைத்திய அதிகாரி. இரத்தம், இரைப்பையில் உள்ளவை, ஈரலின் துண்டு போன்றவற்றில் தேவையானவை மட்டும் முத்திரையிடப்பட்டு அரச இரசாயன பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். மீதி எல்லாவற்றையும் உள்ளே வைத்து, தைத்து, கழுவித் தருவார்கள். கபனிட்ட பிறகு தையல் வெளியே தெரியாது.

இனி வெட்டுவதற்கு வருவோம். ஒரு பெண் தூக்கில் தொங்கியதாகச் சொல்லி உடல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கழுத்தில் தழும்பு இருக்கிறது. தூக்கில் தொங்கினால் அந்தத் தழும்பு பெரும்பாலும் காதுப் பக்கமாக மேல்நோக்கிச் சரிந்து போகும். கயிற்றால் நெரித்திருந்தால் கழுத்தைச் சுற்றிக் கிடையாக ஓடும். இவ்வளவும் வெளியே தெரிவது. ஆனால் கையால் நெரித்து, பிறகு தூக்கில் மாட்டியிருந்தால்? தோலில் இரண்டொரு நகக்கீறல் மட்டும் இருக்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம். தோலை விலக்கிக் கழுத்துத் தசைகளை ஒவ்வொரு படையாகப் பார்க்கும்போதுதான் உள்ளே இரத்தம் கசிந்து உறைந்த இடங்கள் தெரியும். நாக்கின் அடியில் குதிரை லாட வடிவில் ஒரு சிறிய எலும்பு உண்டு. அது முறிந்திருக்கிறதா என்று கைவிரலால் தடவிப் பார்ப்பார் வைத்தியர். திறக்காமல் அடக்கிவிட்டால், "தூக்குப் போட்டுக்கிட்டாள்" என்ற சொல்தான் அந்தப் பெண்ணைப் பற்றிய கடைசி வார்த்தையாக நிலைக்கும். கண்ணியம் என்று பேசுகிற நாங்கள் இதையும் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடலோடு வாழ்கிற எங்களுக்கு இன்னொரு உதாரணமும் தெரிந்திருக்க வேண்டும். கரைவலையில் ஒரு உடல் சிக்குகிறது. தண்ணீரில் கிடந்தது என்பதற்காக மூழ்கி இறந்தார் என்று சொல்லிவிட முடியாது. உள்ளங்கையும் பாதமும் வெளுத்துச் சுருங்கியிருப்பது தண்ணீரில் நேரம் கிடந்ததைத்தான் காட்டும், இறந்த விதத்தைக் காட்டாது. மூக்கிலும் வாயிலும் மெல்லிய வெண்நுரை இருக்கிறதா, துடைத்துவிட்டு நெஞ்சை அழுத்தினால் திரும்பவும் வருகிறதா என்று பார்ப்பார்கள். திறந்தால், மூழ்கி இறந்தவரின் நுரையீரல் இரண்டும் உப்பி இதயத்தை மூடிக்கொண்டு நிற்கும். மூச்சுக்குழாயின் அடி வரை மணலோ பாசியோ போயிருக்கலாம். தண்ணீரை உயிரோடு இழுத்து மூச்சு விட்டவரின் அடையாளங்கள் இவை. உடலில் காயம் இருந்தால் அது மீன் கொத்தியதா, பாறையில் அடிபட்டதா, மனிதர் அடித்ததா என்பது அடுத்த கேள்வி. உயிர் இருக்கும்போது பட்ட காயத்தைச் சுற்றித் திசுவுக்குள் இரத்தம் ஊறியிருக்கும். இறந்த பிறகு மீன் கடித்த இடம் இரத்தம் ஊறாமல் வெளிறிக் கிடக்கும். உடலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, நுரையைத் துடைத்து, உடுப்பை மாற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இதில் பாதி அழிந்துவிடும். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனாலும் அழிந்தது திரும்பி வராது.

எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு உடல் ஓரளவு நன்றாகவே பதில் சொல்லும். எப்போது இறந்தார் என்பதில்தான் தடுமாறும். படங்களில் வைத்தியர் குனிந்து பார்த்துவிட்டு "இரவு பத்தேகால்" என்பாரே, அப்படி யாராலும் சொல்ல முடியாது. இது உலகத்துக்குத் தெரிய வந்த வழக்குகளில் ஒன்று இலங்கையில் நடந்தது, அதன் நாயகன் ஒரு தமிழர்.

மகாதேவ சதாசிவம் பெரிய கிரிக்கெட் வீரர். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கியபோது இலங்கை அணியின் தலைவராக நின்றவர். 1951 ஒக்டோபர் 9 அன்று அவருடைய மனைவி பம்பலப்பிட்டி வீட்டில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். அன்று காலை 10.30 மணியளவில் சதாசிவம் வாடகைக் காரில் வீட்டை விட்டுப் போயிருந்தார். வீட்டில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு இளைஞனும் இருந்தான். மரணம் அந்த நேரத்துக்கு முன் நடந்ததென்றால் சந்தேகம் கணவர் மேல் விழும், பின் நடந்ததென்றால் வேலைக்காரன் மேல் விழும். வேலைக்காரன் நிபந்தனையுடன் மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியாக மாறிவிட்டான். ஆகவே ஒரு மனிதரின் உயிர், ஒரு உடல் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஆறும் என்ற கணக்கில் தொங்கியது.

மேசையில் வைத்த தேத்தண்ணி ஆறுவது எல்லாருக்கும் தெரியும்: முதலில் வேகமாக ஆறும், பிறகு மெதுவாக. மனித உடல் அப்படி ஆறுவதில்லை. இறந்த பிறகு சிறிது நேரம் உள்வெப்பம் குறையாமலே நிற்கும், பிறகுதான் இறங்கத் தொடங்கும். எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது உடலின் பருமனையும் உடுப்பையும் காற்றையும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுற்றியுள்ள வெயிலையும் பொறுத்தது. குளிர்நாட்டுப் பாடப்புத்தகங்களில், மணிக்கு இத்தனை பாகை குறையும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். அது கொழும்பின் சூட்டுக்குப் பொருந்துமா என்று யாரும் ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை. கொழும்பில் சட்ட வைத்தியப் பேராசிரியராக இருந்த டி சேரம் பார்த்தார். மரணம் எந்த நிமிடத்தில் நடந்தது என்று ஐயமில்லாமல் தெரிகிற உடல்கள் வேண்டுமே. தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் உடல்கள் அவருக்குக் கிடைத்தன. அப்படி 41 உடல்களின் வெப்பநிலையை நேரத்துக்கு நேரம் அளந்து, வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி என்ற இருவரோடு சேர்ந்து 1955இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். மரண நேரத்தைக் கணிப்பது பற்றி உலகில் எழுதுகிறவர்கள் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிற கட்டுரை அது. எங்கள் நாட்டில் செய்த வேலை என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

சதாசிவத்தின் வழக்கில் எதிரித் தரப்பு எடின்பரோவிலிருந்து சட்ட வைத்திய நிபுணர் சேர் சிட்னி ஸ்மித்தை வரவழைத்தது. கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். விசாரணை 57 நாள் நடந்தது. 1953 ஜூனில் ஜூரிமார் சதாசிவம் குற்றவாளி அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குள் ஏறத்தாழ இருபது மாதம் சிறையில் கழிந்துவிட்டது.

இதை அக்கரைப்பற்றுக்குக் கொண்டுவந்து பார்த்தால், சித்திரை வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடக்கும் உடல் ஆறவே மாட்டாது. வெளிச்சூடு உடல் சூட்டுக்குக் கிட்ட வந்துவிட்டால் வெப்பமானியால் பயன் குறைவு. விறைப்பும் குளிர்நாட்டை விட வேகமாக வந்து வேகமாகப் போகும், அழுகலும் அப்படியே. ஆகவே நேர்மையான சட்ட வைத்திய அதிகாரி "இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் இடையில்" என்று அகலமாகத்தான் சொல்வார். அதைக் கேட்டு அவருக்குத் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. நிமிடக் கணக்காய்ச் சொல்கிறவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கடைசியாகக் கண்டவர் யார், போன் எப்போது நின்றது, இரவுச் சாப்பாடு தொட்டிருந்ததா என்கிற வீட்டாரின் சொல் இங்கே மருத்துவத்துக்குக் கைகொடுக்கிறது.

முதல் பரிசோதனையில் விட்டதைப் பிறகு பிடிக்க முடியுமா? முடியும், ஆனால் அதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வசீம் தாஜுதீனின் கதையில் பாருங்கள். தேசிய றகர் வீரர். 2012 மே 17 அதிகாலை, நாரஹேன்பிட்டியில் மதிலில் மோதி எரிந்த காருக்குள் கிடந்தார். விபத்து என்று முடித்து அடக்கினார்கள். எரிந்த உடலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நெருப்புப் பற்றியபோது அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாரா என்பது. மூச்சுக்குழாயில் கரி படிந்திருந்தால், இரத்தத்தில் காபன் மொனொக்சைட் ஏறியிருந்தால், உயிரோடு இருந்தார். அடுத்த கேள்வி எலும்பு முறிவு. கடும் சூட்டிலும் எலும்பு வெடிக்கும், அடியிலும் முறியும். இரண்டையும் பிரித்தறியப் பொறுமையும் தேர்ச்சியும் வேண்டும்.

மூன்று வருடம் கழித்து, 2015 ஓகஸ்ட் 10 அன்று, நீதிமன்றக் கட்டளையின் பேரில் தெஹிவளை மையவாடியில் அவருடைய கபுறைத் தோண்டினார்கள். கொழும்பின் பிரதம சட்ட வைத்திய அதிகாரி அஜித் தென்னக்கோனின் தலைமையில் மூவர் குழு பரிசோதித்தது. விபத்தோடு பொருந்தாத காயங்கள் இருப்பது தெரிய வந்தது. சில எலும்புகளைக் காணவில்லை. முதல் பரிசோதனை நடந்த விதமே விசாரணைக்கு உள்ளானது. 2016 பெப்ரவரி 25 அன்று, இது கொலை என்று நீதவான் தீர்மானித்தார். ஒரு குடும்பம், அடக்கிய மகனின் கபுறு தோண்டப்படுவதைப் பார்க்க நேர்ந்தது. முதல் நாளே ஒழுங்காகப் பார்த்திருந்தால் அந்தக் கபுறில் மண்வெட்டி விழ வேண்டி வந்திராது. "வெட்டாதீங்க" என்பதை விட "ஒழுங்காப் பாருங்க, படம் எடுங்க, எழுதுங்க" என்று கேட்பதுதான் மையித்துக்கு நாங்கள் செய்கிற மரியாதை என்று நான் சொல்வதற்கு இந்த வழக்கே காரணம்.

யார் என்ற கேள்விக்கு வருவோம். இதில் மரபணுப் பரிசோதனையைப் போல வலிமையானது வேறில்லை. எங்கள் கல்முனைதான் அதற்குச் சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். இலங்கையில் ஆகக் கூடிய இழப்பு எங்களுக்குத்தான். அன்று கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஒரு கைக்குழந்தை வந்தது. 81ஆவது நோயாளியாகப் பதிந்தார்கள், உலகம் முழுக்க அந்த இலக்கமே அதற்குப் பெயராயிற்று. ஒன்பது தாய்மார் உரிமை கோருவதாகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தில் முறைப்படி வந்து நின்றது ஒரே ஒரு தம்பதிதான். கல்முனை நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. பிள்ளையின் மரபணுவில் பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து வந்திருக்கும். மரபணுவில் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிற இடங்கள் பல உண்டு. அவற்றை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைக்கு இருப்பதில் ஒன்று தாயிடமும் மற்றது தகப்பனிடமும் இருக்க வேண்டும். எல்லா இடமும் பொருந்தியது. 2005 பெப்ரவரி 14 அன்று முடிவு வந்தது, இரண்டு நாளில் பிள்ளை பெற்றோரின் கைக்குப் போனது.

இதே பரிசோதனை குற்றம் செய்யாதவரைக் காப்பாற்றியும் இருக்கிறது. இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்த முறையை 1986இல் முதன்முதலாகக் கொலை வழக்கொன்றில் பயன்படுத்தினார்கள். அது முதலில் விடுவித்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு இளைஞனை. நாங்களும் அப்படி ஒன்றைக் கண்டோம். 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் ஐந்து வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது பதினேழு வயது மாணவனைப் பிடித்தார்கள். ஊர் கொதித்தது. மரபணு பொருந்தவில்லை. பிறகு ஒருவர் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார் என்றார்கள். அவருடையதும் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சகோதரனுடையது. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரனுக்குத் தண்டனை கொடுத்தது. அடித்து வாங்கும் வாக்குமூலத்தை விட எச்சிலில் தோய்ந்த ஒரு பஞ்சுக் குச்சி எவ்வளவு மேலானது என்று இந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆனால் மரபணு பொருந்தவில்லை என்றால் அந்த ஆள் அங்கே இல்லை என்று ஆகிவிடாது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, சாய்ந்தமருதில் 2019 ஏப்ரல் 26 இரவு குண்டு வெடித்த வீட்டை நாங்கள் யாரும் மறக்க மாட்டோம். அங்கு இருந்த ஒரு பெண் இறந்தாரா, தப்பினாரா என்று வருடக்கணக்கில் பேச்சு. முதல் இரண்டு பரிசோதனைகளில் அவருடைய தாயின் மாதிரியோடு எதுவும் பொருந்தவில்லை. 2022இல் மீண்டும் எச்சங்களைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்த பிறகு, 2023 மார்ச்சில், பொருந்தியதாகப் பொலிஸார் அறிவித்தார்கள். நம்புகிறவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. அறிவியலாகப் பார்த்தால் ஒன்றை விளங்கிக்கொள்ளலாம்: குண்டில் சிதறிக் கலந்த உடல்களில் எந்தத் துண்டை எடுத்தார்களோ அந்தத் துண்டுக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். எடுக்காத துண்டைப் பற்றி அந்த அறிக்கை ஒன்றும் சொல்லாது. எதை எடுத்தார்கள், யார் முத்திரையிட்டார்கள், எந்தக் கை வழியாகப் போனது என்ற பதிவு முதல் நாளிலிருந்தே துப்புரவாக இருந்தால் ஊரில் இவ்வளவு சந்தேகம் வளர்ந்திராது.

இவ்வளவும் பெரும்பாலும் இறந்தவர்களைப் பற்றியே கதைத்தாயிற்று. சட்ட வைத்திய அதிகாரி என்றால் பிரேத அறை என்றே நினைக்கிறோம். அவரிடம் உயிரோடு வருகிறவர்களும் நிறையப் பேர். அடிபட்டவர்கள், கணவரிடம் மிதி வாங்கிய பெண்கள், சீண்டப்பட்ட பிள்ளைகள். அவர்களுடைய உடலும் அதே மாதிரிப் பதில் சொல்லும், அதே மாதிரி அழிந்தும் போகும். கண்டிய இடம் முதலில் சிவந்து, நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறையும். "மானம் போயிரும், பொறுத்துக்க மகள்" என்று உம்மாமார் சொல்லிக்கொண்டிருக்கிற அந்த ஒரு கிழமைக்குள் சாட்சி தோலை விட்டுப் போய்விடும்.

ஆகவே எங்கள் ராத்தாமாருக்கும் தங்கச்சிமாருக்கும் சொல்லி வையுங்கள். அப்படி ஒன்று நடந்தால் பொலிஸுக்குப் போய்விட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அங்கிருந்தே பொலிஸுக்கு அறிவிப்பார்கள். குளிக்காமல் போக வேண்டும். பாலியல் வன்முறை என்றால் முதல் மூன்று நாளுக்குள், முடிந்தால் அன்றைக்கே. பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்கலாம், இருந்தால் ஒழுங்கு செய்து தருவார்கள். அன்று உடுத்திருந்த உடுப்பைத் துவைக்காமல் எடுத்துப் போகட்டும். சொப்பிங் பேக்கில் போட்டுக் கட்ட வேண்டாம், ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து மரபணு கெட்டுப்போகும். பழைய பத்திரிகைத் தாளிலோ கடதாசிப் பையிலோ, ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனியாகச் சுற்றி, கையோடு கொண்டுபோய் வைத்தியரிடமே கொடுக்கச் சொல்லுங்கள்.